முடோன் தோப்பில் குரும்பை கொட்டுகிறது, சொட்டுநீர் போட்டால் நிற்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பர்மாவில், மௌல்மீனுக்குத் தெற்கே முடோன் பக்கம் தாத்தா வைத்த மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 160 மரம், எல்லாம் நெட்டை ரகம். ஆறடி அகலத்தில் ஒரு உறைகிணறு, பங்குனியில் அதில் மூன்றடித் தண்ணீர்தான் நிற்கிறது. போன கோடையில் ஓலை தொங்கிப்போய், குரும்பை, அதாவது பிஞ்சுக் காய், கொட்டியது. குழாய் விற்பவர் வந்து, சொட்டுநீர் போட்டால் உதிர்வது நிற்கும், காய் இரண்டு மடங்காகும் என்கிறார். போடலாமா, மரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறீர்கள். லிட்டர் கணக்கு கீழே வருகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தப் பணம் திரும்பி வருமா, எந்த வருஷம் வரும் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் விவசாயப் படிப்பு படித்தவன் இல்லை. பம்பு மெக்கானிக்காக ஆரம்பித்து, மோன் மாநிலத்தில் தட்டோன் முதல் தன்பியூசயாட் வரை 27 வருஷமாகக் கிணறு, மோட்டார், குழாய் வேலை பார்க்கிறேன். எனக்கும் 90 தென்னை இருக்கிறது. காசர்கோட்டுத் தென்னை ஆராய்ச்சி நிலையம் சொல்லியிருக்கும் முறைகளைத் தேடிப் படித்து, என் மரத்தில் செய்து பார்த்தவன், அவ்வளவுதான். உங்கள் தோப்பை நான் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட இரண்டு படத்தை வைத்து மண்ணையும் வேரையும் பற்றி முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள், மௌல்மீன் பக்கம் வறட்சியா என்று. வருஷத்துக்கு நாலரை மீட்டருக்கு மேல் மழை கொட்டும் கரை இது, சென்னையில் பெய்வதைப்போல மூன்று மடங்கு. ஆனால் அது வைகாசியில் தொடங்கி ஐப்பசியோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் ஆறு மாதம் வானம் துடைத்த மாதிரி இருக்கும். நெல்லுக்கு இது பொருந்தும், மழையில் வளர்ந்து மழை நின்றதும் அறுப்புக்கு வந்துவிடும். தென்னை அப்படி இல்லை. மாதம் ஒரு ஓலை, ஓலைக்கு ஒரு பாளை என்று பன்னிரண்டு மாதமும் வேலை செய்கிற மரம், அதற்கு விடுமுறை கிடையாது. ஆணிவேரும் கிடையாது. தூரிலிருந்து ஆறடிச் சுற்றுக்குள், மேல் மண்ணின் மூன்று நான்கு அடிக்குள்தான் பெரும்பாலான வேர் இருக்கும். ஆடியில் பெய்த மழை அந்த நான்கடிக்குக் கீழே இறங்கிக் கடலுக்குப் போய்விட்டால் அது அந்த மரம் பார்த்த மழையே அல்ல. திங்ஜான் புத்தாண்டுத் திருவிழாவில் ஊரே வீதியில் தண்ணீரைக் கொட்டிக் கும்மாளம் போடும் வாரத்தில்தான் தென்னை இருப்பதிலேயே அதிகமாகத் தவித்து நிற்கும்.

இப்போது பணம் எப்போது திரும்பும் என்பதற்கு வருகிறேன். விற்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பாளை வெளியே வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதம் முன்பே அதன் கரு கொண்டைக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னொரு 11, 12 மாதம். ஆக இன்று நீங்கள் பறிக்கிற தேங்காயின் கதை ஏறக்குறைய மூன்றே முக்கால் வருஷம் முன்பு தொடங்கியது. அந்த வழியில் மூன்று இடங்களில் வறட்சி அடிக்கும். பாளையின் கரு உண்டாகும்போது அடித்தால் பாளையே வராது. பெண்பூ உருவாகும்போது அடித்தால் பாளை வரும், பூ குறையும். குரும்பையாக இருக்கும்போது அடித்தால் உதிரும். கண்ணுக்குத் தெரிவது இந்த மூன்றாவது மட்டுமே. மற்ற இரண்டும் உள்ளுக்குள் நடந்து முடிந்து, நல்ல மழை பெய்த வருஷத்தில் வந்து கணக்குத் தீர்க்கும். அதனால்தான் ஒரு கடுங்கோடையின் அடி மூன்று நான்கு வருஷம் விளைச்சலில் தெரிகிறது. 2010, 2016 கோடைகளில் நாட்டின் பல பகுதிகளில் குடிக்கவே குளத்தில் தண்ணீர் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்தும் காய் ஏன் குறைந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

நானே இதில் ஏமாந்தவன். முதல் கோடையில் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டேன். அடுத்த வருஷம் எண்ணிப் பார்த்தால் காய் முன்பைவிடக் குறைவு. பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, என் குழாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கழற்றி விற்றுவிடலாம் என்று ஆள்கூடப் பேசிவிட்டேன். வீட்டில்தான் இன்னும் ஒரு வருஷம் பாருங்கள் என்றார்கள். மூன்றாம் வருஷம்தான் குலை நிறையத் தொடங்கியது. ஆகவே சொட்டுநீர் போடுவதானால் மூன்று வருஷம் பொறுக்கிற பணமாக இருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிப் போடாதீர்கள். இது நிச்சயமாகத் தெரிந்து சொல்வது.

இன்னொன்று, குரும்பை உதிர்வது எல்லாம் வறட்சி அல்ல. நல்ல தண்ணீர் பாய்கிற மரத்திலும் பாதிக்கு மேல் உதிரத்தான் செய்யும். பாளையில் வரும் எல்லாப் பூவையும் மரத்தால் காப்பாற்ற முடியாது. மாசியில் தொடங்கி ஆனி வரை அதிகமாக உதிர்ந்து, மழை வந்ததும் அடங்கினால் தண்ணீர்க் குறைதான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். வருஷம் முழுக்க ஒரே மாதிரி உதிர்ந்தால் சாம்பல் சத்தான பொட்டாஷோ போரானோ குறைவாக இருக்கலாம். விழுந்த குரும்பையில் பத்தை எடுத்து, தலையிலுள்ள தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். அங்கே முக்கோணமாக வெளிறியோ பழுப்பாகவோ திட்டு இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. அதற்கு நீங்கள் கிணற்றையே இறைத்து ஊற்றினாலும் பயனில்லை. குழாய்க்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இந்தப் பத்துக் குரும்பையைப் பார்த்துவிடுங்கள்.

சரி, லிட்டர். கடலோரத்தில் பங்குனி, சித்திரையில் திறந்த பாத்திரத்திலிருந்து நாளைக்கு 6 மில்லிமீட்டர் வரை தண்ணீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கைச் சொட்டுநீராகக் கொடுத்தாலே, முழுவதும் கொடுத்த விளைச்சல் வருகிறது என்பது காசர்கோட்டில் செய்து பார்த்த முடிவு. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி போட்டால் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். 6-ஐ 0.66-ஆல் பெருக்கி அதைப் பத்தால் பெருக்கினால் 40 லிட்டர். கார்த்திகை முதல் தை வரை ஆவியாவது 4 மில்லிமீட்டர்தான், அப்போது 27 லிட்டர் போதும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் குளிர்மாதத்தில் ஒன்றரை எண்ணெய் டின், கோடையில் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. பாத்தியில் ஊற்றுவதென்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை 200 லிட்டர் என்பார்கள்.

உங்கள் 160 மரத்துக்கும் 40 லிட்டர் என்றால் நாளைக்கு 6,400 லிட்டர். கிணற்றில் அது இருக்கிறதா என்று பார்ப்போம். ஆறடி அகலக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்பது ஏறத்தாழ 800 லிட்டர். மூன்றடி என்றால் 2,400. இது நிற்கிற தண்ணீர், ஊறுகிற தண்ணீர் வேறு. நமக்கு வேண்டியது ஊற்றுக் கணக்கு. பங்குனிக் கடைசியில் ஒரு காலை ஓரடி விட்டு மீதியை இறைத்துவிடுங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஒன்றரை அடி ஏறியிருந்தால் 1,200 லிட்டர். அதை எட்டால் பெருக்கி நாளைக்கு 9,600 என்று சந்தோஷப்பட வேண்டாம். மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும். பாதியைத்தான் நான் நம்புவேன், 4,800. அப்படியானால் 120 மரம்தான் உங்கள் கிணறு தாங்கும். மூன்று மணியில் அரையடிதான் ஏறியது என்றால் 40 மரம். இந்த அளவு எடுக்காமல் 160 மரத்துக்கும் குழாய் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் வரிசை செழிக்கும், கடைசி வரிசையில் குழாய் மட்டும் வெயிலில் கிடக்கும். கிணறு போதாது என்று ஆழப்படுத்தப் போனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கடலுக்குப் பக்கத்து நிலமானால் ஒரே மூச்சில் அதிகம் இறைத்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதுதான் நல்லது.

என்னைக் கேட்டால், குழாய்க்கு முன்னால் உரிமட்டை. இதைக் காசில்லாத வேலை என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் இந்த ஊர் மண்ணுக்கு இதைவிடப் பெரிய கைமருந்து இல்லை. நம்முடையது பெரும்பாலும் சரளை கலந்த செம்மண், தண்ணீரைப் பிடித்து வைக்காது. தேங்காய் உரித்த மட்டை மழையில் நனைந்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சி, மாதக்கணக்கில் மெதுவாக விடும். மர வரிசைக்கு நடுவே, தூரிலிருந்து பத்தடி தள்ளி, சரிவுக்குக் குறுக்காக ஒன்றரை அடி அகல ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். மட்டையின் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கடுக்காக வையுங்கள். கடைசி அடுக்கை மட்டும் கவிழ்த்து வைத்து மண்ணைத் தள்ளி மூட வேண்டும். ஒருமுறை செய்தால் ஐந்தாறு வருஷம் வேலை செய்யும், மட்டையிலுள்ள சாம்பல் சத்தும் மண்ணில் சேரும். எடுத்த மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு அன்னாசி நட்டுவிட்டால் மண் அரிக்காது, கைச்செலவுக்கும் ஆகும். மழைக்கு முன்னால், வைகாசிக்குள் இதை முடித்தால்தான் மட்டை மழை முழுவதையும் குடிக்கும். காய்ந்த மட்டையைக் கார்த்திகையில் புதைத்தால் அதுவே மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நான் அந்தத் தவறையும் செய்திருக்கிறேன். கறையான் அதிகமுள்ள இடமானால் தூருக்கு ஒட்டிப் போடாதீர்கள், முக்கியமாகக் கன்றுக்கு.

பாத்திக்குள் ஓலை மூடாக்கு. மழை விடைபெறும் நேரம் பர்மியர்கள் தடிங்ஜுட் பண்டிகைக்கு விளக்கு ஏற்றுவார்கள், நமக்கும் தீபாவளி அடுத்தடுத்து வந்துவிடும். அந்த வாரத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே களையைச் செதுக்கி, விழுந்த ஓலைகளை இரண்டாக வெட்டிப் பாத்தி நிறைய மூன்று நான்கு அடுக்குப் பரப்ப வேண்டும். பீலூ தீவுப் பக்கம் கயிறும் மிதியடியும் செய்கிறார்கள், அந்த மாதிரிப் பட்டறைகளில் நார்த்தூள் குவிந்து கிடக்கும். வண்டி வாடகைக்குக் கிடைத்தால் மரத்துக்கு ஒரு மூட்டை போடலாம். தோப்பில் ஓலையைக் கூட்டி எரிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். எரிப்பது கொசுவுக்கு நல்லது என்று என் அப்பாவும் சொல்வார். கொசு போனது, ஈரமும் போனது.

இதெல்லாம் செய்தபின் குழாய். தண்ணீர் விடுவதை ஓலை தொங்கிய பிறகு பங்குனியில் தொடங்கினால் பாதி நஷ்டம் ஏற்கெனவே ஆகிவிட்டது. கடைசி மழை பெய்து மூன்று வாரத்துக்குள், கார்த்திகையிலேயே தொடங்க வேண்டும். சொட்டுவானைத் தூரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறிஞ்சும் வேர் குறைவு. தூரிலிருந்து மூன்றடி தள்ளி, சுற்றிலும் நான்கு இடத்தில், மணல் பாங்கானால் ஆறு இடத்தில் வையுங்கள். மண்ணுக்கு மேல் சொட்டுவதைவிட ஒரு சாண் குழி எடுத்து நார்த்தூள் நிரப்பி அதற்குள் சொட்டவிட்டால் ஆவியாவது குறையும்.

கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத, டீசலுக்குக் கணக்குப் பார்க்கிற ஊர் நம்முடையது. அதனால் மேல்நிலைத் தொட்டி வைத்து, அதிலிருந்து தானாக இறங்குகிற மாதிரி அமைப்பதே என் தேர்வு. தொட்டியை நிரப்ப சின்ன சோலார் பம்பு போதும், சொட்டுநீருக்கும் சோலாருக்கும் நல்ல பொருத்தம், இரண்டுமே மெதுவாக நாள் முழுக்க வேலை செய்கிறவை. ஆனால் பத்தடி உயரத் தொட்டி கொடுக்கிற அழுத்தம் கம்பெனி எதிர்பார்ப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மணிக்கு 8 லிட்டர் என்று எழுதியிருக்கிற சொட்டுவான் பாதியைச் சற்றுத் தாண்டி நாலரை லிட்டர்தான் விடும். நான்கு சொட்டுவானுக்கு மணிக்கு 18 லிட்டர் கிடைத்தால் 40 லிட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். குழாயை நீளமாக இழுக்காமல் தோப்பை 30, 40 மரமாகப் பிரித்து வால்வு போடுங்கள், இல்லையென்றால் கடைசி மரத்துக்கு நீர் போய்ச் சேராது.

இந்த ஊரில் சொட்டுநீரைக் கொல்வது இரண்டு பேர், எலியும் இரும்பும். எலிக்குப் பக்கக் குழாயை அரை அடி மண்ணுக்குள் புதைப்பதைத் தவிர நான் கண்ட வழி இல்லை. செம்மண் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கரைந்து வரும், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகி, வழவழவென்று சேறாகச் சொட்டுவானை அடைத்துவிடும். தொட்டியில் மேலிருந்து தூவி விழும்படி விட்டு, ஒரு இரவு படியவைத்து, அடியிலிருந்து முக்கால் அடி மேலே குழாய் எடுத்து, வடிகட்டி போட்டால் பெரும்பகுதி நின்றுவிடும். வாரம் ஒருமுறை குழாய் நுனியைத் திறந்து சிவப்பு போகும் வரை ஓடவிட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் சொட்டுவானே வேண்டாம், மெல்லிய நுண்குழாயைச் செருகிவிடுங்கள். அளவு அவ்வளவு துல்லியமாக இராது, ஆனால் அடைத்தால் ஊதிவிட்டுப் போகலாம்.

இனி சந்தேகமான சங்கதிகள். இரண்டு மடங்கு காய் என்பதை நான் சொல்ல மாட்டேன். தண்ணீரே காணாத தோப்பில் ஏற்றம் நிச்சயம் இருக்கும், ஆனால் அது உரத்தையும் மரத்தின் வயதையும் பொறுத்தது. 60 வயது தாண்டிய மரத்துக்குத் தண்ணீர் விடுவது பாசத்துக்காகச் செய்வது, கணக்குக்கு ஆகாது. கிணறு 100 மரத்துக்குத்தான் தாங்கும் என்றால் நடுவயது மரம் நூறைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், மற்றவற்றுக்கு மட்டையும் ஓலையும் போதும். எல்லாவற்றுக்கும் பாதிப்பாதி கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சிலர் செய்கிறார்கள். கல்லுப்பு போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தென்னை குளோரைடை விரும்பும் மரம் என்பது உண்மை. இலைத்துளைகளைத் திறந்து மூட அது வேண்டும், இல்லாவிட்டால் மரம் தண்ணீரை வீணாக்கும். ஆனால் வருஷத்துக்கு 2 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் இரண்டு தவணையாகப் போடுகிறவருக்கு அதிலேயே குளோரைடு வந்துவிடுகிறது. பொட்டாஷ் வாங்க முடியாமல், தோப்பும் கடற்காற்று எட்டாத உள்பக்கம் என்றால் மரத்துக்கு ஒரு கிலோ கல்லுப்பு மழைக்காலத்தில் போடலாம். உப்பளம் வைத்திருக்கிற மாநிலத்தில் அது கிடைக்காத பொருள் இல்லை. கடலோரத் தோப்புக்கு வேண்டியதில்லை. வறட்சி முற்றினால் அடி ஓலை மூன்று நான்கை வெட்டிவிடச் சொல்வார்கள். பழுத்துத் தொங்குவதை வெட்டுங்கள், பச்சை ஓலையைத் தொடாதீர்கள், அதன் மடியில் ஒரு குலை இருக்கிறது.

நடுவே பாக்கும் வாழையும் வைக்கலாமா என்றால், கிணறு இந்த நிலையில் இருக்கும்போது வேண்டாம். பாக்கு தென்னையைவிடத் தண்ணீருக்குப் பறக்கும். காலியான இடத்தில் புதுக்கன்று வைத்தால் முதல் இரண்டு கோடைக்குப் பானைப் பாசனம் போதும். துவாண்டே ஊர் மண்பானையில் மெருகு போடாததாகப் பார்த்து, கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மூடி வைத்துவிடுங்கள், தானாகக் கசியும். மெருகு போட்ட மார்த்தபான் ஜாடியை வைத்துவிட்டுக் கசியவில்லை என்று என்னிடம் ஒருவர் சண்டைக்கு வந்தார். தண்ணீர் கசியாமல் இருக்கத்தான் அந்த ஜாடிக்கே மெருகு போடுகிறார்கள்.

இந்த வருஷத்திலிருந்து ஒரு நோட்டில் மரவாரியாகக் காய் எண்ணிக்கை எழுதுங்கள். கொப்பரையை வீசையில் விற்கிறோம் என்று எடையை மட்டும் பார்க்காதீர்கள். வறட்சியில் எண்ணிக்கையும் குறையும், பருப்பும் மெலியும், இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது மாறியது என்று தெரியும். விற்பவரிடம் பங்குனி கழியட்டும் என்று சொல்லிவிட்டுக் கிணற்றை அளந்துவிடுங்கள். அதோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஒரு நாள் வைத்து, அடியில் என்ன நிறத்தில் படிகிறது என்று இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த வடிகட்டி என்று சொல்கிறேன்.